பிரசவகால மனச்சோர்வு: களத்தில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் எந்த ஊருக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும், கிராம சுகாதார செவிலியர்கள், பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்சுகள், அங்கன்வாடி டீச்சர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது: கேட்டுவிட்டால், அவள் அழுதுவிட்டால், அப்புறம் நான் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் எடை, பி.பி., ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்துவிட்டு மனசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வருகிறோம்.

புள்ள பெத்தவங்க கொஞ்ச நாள் அழுகத்தானுங்க செய்வாங்க? அதை எதுக்கு ஒரு நோயா சொல்றீங்க?

அழுகாச்சி எல்லாமே நோய் இல்லை. குழந்தை பிறந்த மூன்று, நான்கு நாளில் காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வரும், சட்டென்று எரிச்சல் வரும், அடுத்த நிமிடம் சிரிப்பார்கள். பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இது வருகிறது. இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். தூக்கமும், பக்கத்தில் ஆளும் இருந்தால் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் நாளில் பெரும்பகுதி மனசு இருண்டே கிடந்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், அது மனச்சோர்வு. பிரசவத்துக்குப் பிறகுதான் வரும் என்பதும் சரியில்லை. பிரசவத்துக்குப் பின் கண்டுபிடிக்கப்படும் மனச்சோர்வில் ஏறக்குறைய பாதி, பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. அதனால் கர்ப்பம் பதிவான நாளில் இருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை நம் பார்வை இருக்க வேண்டும்.

இதெல்லாம் டவுன்ல வசதியா இருக்கறவங்களுக்கு வர்ற சீக்கு இல்லீங்களா? நம்ம காட்டு வேலை செய்யற பொண்ணுங்களுக்கு ஏது இதுக்கு நேரம்?

நேர் எதிர். வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரக் கிராமப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் மட்டும் அதில் 11 சதவீதம். இந்தியா முழுக்க நடந்த 38 ஆய்வுகளை 2017இல் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளை பெற்றவர்களில் சுமார் 22 சதவீதம் என்று வந்தது. உங்கள் துணை சுகாதார நிலையப் பதிவேட்டில் இப்போது இருக்கும் பெயர்களை ஐந்தைந்தாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஐந்திலும் ஒருத்தி.

கணியம்பாடி ஆய்வில் எது மனச்சோர்வைக் கூட்டியது என்பதையும் பார்த்தார்கள். குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள் பிறந்தது, மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் உள்ள உரசல், கர்ப்ப காலத்தில் நடந்த கெட்ட சம்பவங்கள், வீட்டு வேலைக்குக் கைகொடுக்க ஆளில்லாதது. இதில் எது நம்ம ஊரில் இல்லை?

எந்தப் பொண்ணும் 'எனக்கு மனசு சரியில்லை'ன்னு சொல்றதே இல்லைங்களே. எப்படிக் கண்டுபிடிக்கறது?

சொல்ல மாட்டார்கள். உடம்பைச் சொல்வார்கள், குழந்தையைச் சொல்வார்கள். "கை காலெல்லாம் அசதியா இருக்குதுங்க", "நெஞ்சு படபடங்குது", "தலை பாரம் எறங்கவே இல்லை", "பால் பத்தறதே இல்லைங்க சிஸ்டர்", "ஒரு மாதிரியா இருக்குதுங்க". ஒரே குறையோடு மூன்றாவது தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற பெண், சத்து மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. குழந்தையின் எடை காரணமில்லாமல் நின்றுபோனாலும் தாயைப் பாருங்கள். கோவாவில் நடந்த ஆய்வில், மனச்சோர்வுள்ள தாய்மாரின் குழந்தைகள் ஆறு மாதத்தில் எடை குறைவாக இருந்தது பதிவாகியிருக்கிறது.

கேட்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். "போன ஒரு மாசமா மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாத மாதிரி அடிக்கடி இருந்துச்சா கண்ணு?" "முன்னாடி ஆசையாச் செஞ்ச காரியம்கூட இப்ப வேண்டாம்னு இருக்குதா?" இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், கூடுதலாக உட்கார்ந்து பேச வேண்டியவர் அவர். பி.பி. பார்ப்பது போல எல்லாரிடமும் கேளுங்கள். பார்த்தால் சோகமாக இருக்கிறவர்களிடம் மட்டும் கேட்டால், சிரித்துக்கொண்டே காபி கொண்டுவந்து வைக்கிறவளைத் தவற விட்டுவிடுவோம்.

கூடவே ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்த்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் இதே அசதியைக் காட்டும். இவையும் மனச்சோர்வும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

அத்தைக்காரம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி எப்படிங்க இதைக் கேக்கறது?

மாமியார் முன்னால் கேட்காதீர்கள். "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்ற பதில் மட்டும்தான் கிடைக்கும். "தையல் போட்ட இடத்தைப் பார்க்கோணும், கொஞ்சம் உள்ள வா அம்மணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள். பால் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். இரண்டும் உண்மையிலேயே பார்க்க வேண்டியவை, அதனால் யாருக்கும் உறுத்தாது. பத்து நிமிடம் கிடைத்தால் போதும்.

புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும்போது, ஊசி போட்ட குழந்தையை அத்தை தோளில் போட்டுச் சமாதானப்படுத்திக்கொண்டு நடப்பார். அந்த நேரமும் நல்ல நேரம்.

பத்துக் கேள்வி இருக்கற ஃபாரம் ஒண்ணு குடுத்தாங்க. அதுக்கு மார்க் எல்லாம் எப்படிப் போடறது?

அது மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ அளவுகோல். 1987இல் பிரசவித்த பெண்களுக்கென்றே உருவாக்கியது, தமிழிலும் சரிபார்த்து வைத்திருக்கிறார்கள். கடந்த ஏழு நாளைப் பற்றிய பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. பொதுவாக 10க்கும் 13க்கும் நடுவில் ஒரு எண்ணை எல்லையாக வைப்பார்கள். உங்கள் மாவட்டத்தில் எந்த எண் என்று மருத்துவ அலுவலரிடம் கேட்டு, எல்லாரும் அதையே பின்பற்றுங்கள். எல்லையைத் தொட்டால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை, டாக்டர் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பக் கேளுங்கள்.

படிக்கத் தெரியாதவருக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம், அவசரப்படாமல். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மார்க் குறைவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அன்றைக்கே பேச வேண்டும். எப்படி என்று கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கேட்டதும் ஓன்னு அழுதுட்டாங்க. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அப்ப என்னங்க பண்றது?

எதுவும் பண்ணாமல் உட்கார்ந்திருங்கள். நமக்கு அது கஷ்டம், ஏனென்றால் ஊசி, மாத்திரை, அறிவுரை என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்தே பழகியவர்கள் நாம். அழுது முடிக்கட்டும். "சொல்லு சாமி, நான் எங்கயும் போகலை" என்று ஒரு வார்த்தை போதும். அப்புறம் இரண்டு விஷயம் கேளுங்கள்: நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய்? உனக்குக் கைக்கு உதவி யார்? அவள் துயரத்தின் பாதி வடிவம் இந்த இரண்டு பதிலிலேயே தெரிந்துவிடும்.

பிறகு இது ஒரு நோய், நிறையப் பேருக்கு வருகிறது, நீ கெட்ட அம்மா இல்லை, சரியாகிவிடும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்து, அவளால் முடிகிற ஒரே ஒரு காரியத்தைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ராத்திரி ஒரு நாலு மணி நேரம் குழந்தையை வேறு யாராவது வைத்துக்கொள்வது, சாயங்காலம் வாசலில் சிறிது நேரம் நடப்பது, சித்தி மகளுக்கு ஒரு போன். கடைசியாக, அடுத்து எப்போது வருவீர்கள் என்று கிழமையைச் சொல்லி, அதே கிழமையில் போய் நில்லுங்கள்.

இவ்வளவுதானா, இதற்கு மனநல மருத்துவர் வேண்டாமா என்று கேட்பீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், நம் கிராம சுகாதார செவிலியர்களைப் போல வீடு வீடாகப் போகும் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளிடம் தொடர்ந்து பேச வைத்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள், மனநலப் படிப்பு எதுவும் இல்லாதவர்கள். 2008இல் முடிவு வந்தது. குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் போன வீடுகளில் 23 சதவீதப் பெண்களுக்கு மட்டுமே மனச்சோர்வு மீதி இருந்தது. மற்ற வீடுகளில் 53 சதவீதம். அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் கையேடாகவே வெளியிட்டது. லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு உங்கள் வரவும் பேச்சும் மருந்துதான்.

தைரியமா இரும்மான்னு சொன்னாப் போதாதுங்களா?

போதாது. "உனக்கென்ன குறை, தங்கமாட்டப் புள்ளையைப் பெத்து வெச்சிருக்கே" என்பதும் அப்படித்தான். சொல்பவருக்கு நல்ல மனசுதான். கேட்பவளுக்கோ, குறை எதுவும் இல்லாமல் அழுகிற தான்தான் தப்பு என்று ஆகிவிடும். அடுத்த தடவை வாயே திறக்க மாட்டாள்.

எனக்குப் பார்த்தா மாமியார் குடைச்சல்தான் காரணம்னு தோணுது. கூப்பிட்டு நல்லா நாலு வார்த்தை கேக்கலாங்களா?

வேண்டாம். நீங்கள் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவீர்கள். அந்தக் கோபத்தை மீதி நாள் முழுக்க வாங்குபவள் மருமகள். அவள் உள்ளே சொன்னதில் ஒரு எழுத்துகூட அவள் சம்மதம் இல்லாமல் வெளியே வரக் கூடாது.

மாமியாரை எதிரியாக நிறுத்தாமல் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். "பிரசவ உடம்புக்குத் தூக்கம் மருந்து மாதிரிங்க அம்மா. நீங்க பெத்து வளர்த்தவங்க, உங்களுக்குத் தெரியாததா? ராத்திரி ஒரு வேளை குழந்தையை நீங்க பாத்துக்கிட்டா பால் தானா ஊறும்" என்று அவரிடம் கேளுங்கள். செலவு சாமான் அரைத்துப் பத்தியம் பார்த்துச் சமைக்கிற அக்கறை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை மனசுப் பக்கமும் கொஞ்சம் திருப்பிவிட வேண்டும். குழந்தை பார்க்க வரும் ஒறம்பரை (சொந்தக்காரர்) கூட்டத்தைக் குறைக்கவும் அவரால்தான் முடியும். அடி, உதை நடக்கிற வீடு என்றால் மட்டும் கதை வேறு. அங்கே சமாதானம் பேசப் போகாமல், அவள் விருப்பத்தைக் கேட்டு 181 பெண்கள் உதவி எண்ணையும் மருத்துவ அலுவலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாவதும் பொண்ணாப் போச்சு. வீட்ல யாரும் முகம் குடுத்துப் பேசறதில்லை. நாம என்னங்க செய்ய முடியும்?

முதலில் நம் பிரசவ அறையிலிருந்து தொடங்குங்கள். "மறுபடியும் பொண்ணும்மா" என்று இழுத்துச் சொல்கிற அந்த ஒரு விநாடி அந்தத் தாய்க்கு வருடக்கணக்கில் மறக்காது. வலியில் கத்துகிறவளிடம் நம் வாயில் வரும் வார்த்தைகளும் அப்படியே. "குழந்தை நல்லா அழுதுச்சு, மூணு கிலோ இருக்கா, நல்ல கலர்ல இருக்கா" என்று குழந்தையைப் பற்றிச் சொல்லி, அவள் மார்பில் போடுங்கள். இந்த வட்டாரத்தின் பழைய காயம் இது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது என்பதை இன்றைக்குப் பணிக்கு வரும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்பது தகப்பன் பக்கத்து உயிரணுவால் முடிவாகிறது என்று வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அது மட்டுமே யார் மனசையும் மாற்றிவிடாது, ஆனால் பழி ஒருத்தி மேலேயே விழுவதைக் குறைக்கும். இப்படிப்பட்ட வீட்டைப் பட்டியலில் தனியாகக் குறித்து, அடுத்த வீட்டுப் பார்வையை முன்னதாகவே வையுங்கள்.

முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிடறாங்க. அங்க எப்படி இருந்தாங்கன்னே தெரியறதில்லைங்களே?

என்னைக் கேட்டால் நம் பகுதியில் மனச்சோர்வு தப்பிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தாராபுரம் பக்கத்தில் பதிவு, பொள்ளாச்சியில் பிரசவம், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பவும் புகுந்த வீடு. வீட்டுப் பார்வை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களோடு முடிகிறது. தடுப்பூசி 6, 10, 14 வாரம், அதன் பிறகு 9ஆம் மாதம்தான். அம்மாவும் அம்மிச்சியும் தாங்கிக்கொண்டிருந்த பெண், திடீரென்று தோட்டத்துச் சாளை வீட்டில் தனியாகக் கைக்குழந்தையும் முழு வீட்டு வேலையுமாக நிற்பது சரியாக அந்த இடைவெளியில். அப்போது அவளைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

அதனால் அம்மா வீட்டுப் பக்கத்துச் செவிலியரும் புகுந்த வீட்டுப் பக்கத்துச் செவிலியரும் போனில் பேசிக்கொள்ளுங்கள். பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) இருக்கிறது, யார் பகுதியில் பதிவு என்று தெரியும். குழந்தையோடு திரும்பி வந்த இரண்டு வாரத்தில் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய், மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இதற்குக் கட்டம் இல்லை. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க முதல் தடவை வரும் நாளை டீச்சரிடம் கேட்டு வைத்தால் வேலை எளிது.

திருப்பூர்ல லைன் வீடுகள்ல ஒடிசா, பீகார் பொண்ணுங்க இருக்காங்க. பாஷையே தெரியாம எப்படிப் பேசறது?

புருஷன் பனியன் கம்பெனிக்கு ஷிப்டு போய்விட, பத்துக்குப் பத்து அறையில் குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்கள் இவர்கள். அம்மா, மாமியார் யாருமே பக்கத்தில் இல்லை. புருஷனையோ மூத்த குழந்தையையோ வைத்து மொழிபெயர்க்காதீர்கள். அவர்கள் முன்னால் சொல்ல முடியாததைத்தான் நாம் கேட்கிறோம். அதே காம்பவுண்டில் தமிழ் பழகிய வேறொரு பெண்ணை, இவள் சம்மதம் கேட்டு, உட்கார வைக்கலாம். 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் பல இந்திய மொழிகளில் பேச முடியும், கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். உங்கள் போனிலேயே போட்டுக் கொடுங்கள்.

லவ் மேரேஜ் பண்ணிட்டு வந்த புள்ள. ரெண்டு வீட்டுலயும் யாரும் எட்டிப் பாக்கலை. இவங்களுக்கு என்ன தனியா பண்ணோணும்?

வளைகாப்பு இல்லை, சீர் இல்லை, பிரசவத்துக்குப் போக அம்மா வீடு இல்லை. கர்ப்பம் உறுதியான நாளில் அம்மாவுக்குப் போன் போட்டு, மறுபக்கம் கட் ஆனதையே நினைத்துக்கொண்டிருப்பாள். நாம் அவள் கல்யாணத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் சொல்லக் கூடாது, எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கிளறவும் கூடாது. இரண்டு குடும்பத்தையும் சேர்த்து வைக்கிறேன் என்று நாமே போன் போடுவது சில இடங்களில் அவள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கணவனை உட்கார வைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் அவரே ஒற்றை ஆள். பத்தியச் சமையல், துணி துவைப்பது, ராத்திரி முறை வைத்துக் குழந்தையைப் பார்ப்பது எல்லாம் கற்றுக் கொடுத்தால் செய்வார்கள். அவருக்கும் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். தகப்பன்களுக்கும் மனச்சோர்வு வருகிறது.

குழந்தை இறந்தே பொறந்துச்சு. அவங்க நம்ம லிஸ்ட்லயே இல்லைங்களே, போலாமா?

கட்டாயம் போக வேண்டும். குழந்தை இல்லை என்றால் எடை பார்க்க ஒன்றும் இல்லை, தடுப்பூசி இல்லை, அங்கன்வாடி இல்லை. நம் கண்ணில் இருந்து அவள் ஒரே நாளில் மறைந்துவிடுகிறாள். ஆனால் பால் சுரக்கிறது, தையல் இருக்கிறது, மனசு உடைந்திருக்கிறது. "சின்ன வயசுதானே, அடுத்தது பெத்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். குழந்தைக்குப் பெயர் யோசித்து வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். துக்கம் எல்லாம் மனச்சோர்வு இல்லை, அதற்கு நேரம் ஆகும். ஆனால் சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாமே நின்றுபோனால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கருக்கலைந்தவர்களுக்கும், குழந்தையைப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு வெறும் கையோடு வீடு வந்தவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

பால் குடுக்கற அம்மா மனசு மாத்திரை சாப்பிடலாங்களா? குழந்தைக்கு எறங்கிடாதா?

சாப்பிடலாம். பாலூட்டும் தாய்க்கு மனநல மருத்துவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது செர்ட்ராலின். அது பாலில் மிகக் குறைவாகவே போகிறது. தாயின் மனச்சோர்வைச் சிகிச்சை இல்லாமல் விடுவதும் குழந்தைக்கு ஆபத்துதான், அந்தப் பக்கத்தை யாரும் எடை போடுவதில்லை. மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பத்தாவது நாள் "ஒண்ணும் கேக்கலைங்க" என்று நிறுத்திவிடுவார்கள். நன்றாக ஆன பிறகும் டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இதற்கு மருந்து இல்லை.

இரண்டு எச்சரிக்கை. கர்ப்பிணியோ, கர்ப்பமாகக் கூடியவரோ சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள், அது கருவைப் பாதிக்கும். நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் செலவோடும் இருந்த காலம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது அப்படியா என்று கேட்டுக் குறித்து அனுப்புங்கள். அப்படி இருந்தால் மருந்தே வேறு.

பச்ச உடம்புக்காரிக்குக் காத்துக் கருப்பு அண்டிருச்சுன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. தடுக்கோணுங்களா?

திருநீறு போடுவதையும் கயிறு கட்டுவதையும் தடுக்க வேண்டியதில்லை. தடுத்தால் நம்மைத்தான் வீட்டுக்குள் விட மாட்டார்கள். "சாமிக்கும் வேண்டிக்கலாம், டாக்டரையும் பார்க்கலாம்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள். அடிப்பது, பட்டினி போடுவது, குழந்தையைப் பிரிப்பது என்று போனால் மட்டும் உறுதியாகத் தடுங்கள்.

ஆனால் ஒன்று. பிரசவமாகி முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ கூப்பிடுவதாகக் கேட்டு, இது என் குழந்தையே இல்லை என்றோ சாமிக் குழந்தை என்றோ சொன்னால், அது மனச்சோர்வு இல்லை. பெரியவர்கள் சன்னி என்று சொல்வதில் ஒரு பகுதி இதுதான். ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. பார்த்த அன்றைக்கே 108இல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. காய்ச்சல், வலிப்பு, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அவையும் இப்படிக் குழப்பும். சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் நன்றாகக் குணமாகிறது.

'குழந்தையை நானே கீழ போட்டுருவேனோன்னு பயமா இருக்கு'ன்னு ஒரு பொண்ணு சொன்னா. போலீசுக்குச் சொல்லோணுங்களா?

இல்லை. மேலே சொன்ன நிலையில் இருந்து இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "இப்படி ஒரு நினைப்பு வருதே, நான் என்ன ராட்சசியா" என்று நடுங்கி, கத்தியையும் கிணற்றடியையும் தவிர்த்து ஒதுங்குகிறவளுக்கு அது வேண்டாத எண்ணம். கவலையிலும் மனச்சோர்விலும் அது வரும், அப்படிப்பட்டவர்கள் அதைச் செய்வது மிக மிக அரிது. இதை வெளியே சொல்ல அவளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! நீங்கள் முகம் சுளித்தால் முடிந்தது. அந்த எண்ணம் சரி என்று நம்புகிறாளா, யாரோ கட்டளை இடுகிறார்களா, குழந்தைக்கு அதுதான் நல்லது என்கிறாளா என்று கேளுங்கள். அதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அவசரம். இல்லை என்றால் அந்த வாரத்துக்குள் டாக்டர் பார்த்தால் போதும்.

செத்துடலாமானு தோணுதான்னு நாமளே கேட்டா, இல்லாத நினைப்பை நாமளே கெளப்பிவிட்ட மாதிரி ஆகாதுங்களா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியானது. கேட்டால் பாரம் இறங்குகிறது. "இவ்வளவு கஷ்டத்துல சில பேருக்கு உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணும். உனக்குத் தோணுச்சா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் எப்படிச் செய்ய நினைத்தாள், இன்றைக்கும் அந்த எண்ணம் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றாளா என்று கேளுங்கள்.

திட்டம் வைத்திருந்தால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனை. ஆமாம் என்று சொன்ன எல்லா வீட்டிலும் பூச்சி மருந்து, எலி மருந்து, சாணிப் பவுடர், மிச்ச மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டை விட்டே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். தோட்டத்து வீடுகளில் இது முதல் வேலை. ரகசியம் காப்பேன் என்று சொல்லியிருந்தாலும், உயிருக்கு ஆபத்து என்றால் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதை அவளிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தற்கொலைக்கு முயன்றால் கேஸ் ஆகும் என்ற பயத்தில் குடும்பம் மறைக்கும். 2017 மனநலச் சட்டத்தின்படி, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது.

எங்க அனுப்பறதுங்க? 'பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா'ன்னு வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார்.

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர். அடுத்து மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர், அவர் உங்கள் தாலுகா அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அதற்கு மேல் கோவை, திருப்பூர், பெருந்துறை, நாமக்கல், கரூர், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். "தூக்கத்துக்கும் அசதிக்கும் ஒரு டாக்டரைப் பார்க்கலாம்" என்று தொடங்கினால் சண்டை வராது. அது பொய்யும் இல்லை. தாய் சேய் அட்டையின் மேல் 'மனநோய்' என்று பெரிதாக எழுதி அனுப்பாதீர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரைக்கும் படிப்பார்கள். முடிந்தால் முதல் தடவை கூடவே போங்கள்.

"அட்மிட் பண்ணிக் குழந்தையைப் பிரிச்சிருவாங்க" என்பது இன்னொரு பயம். அதே 2017 சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

இதையெல்லாம் கேட்டுட்டு வீட்டுக்குப் போனா எங்களுக்கே ராத்திரி தூக்கம் வர்றதில்லைங்க.

வராதுதான். மாத ரிவ்யூ கூட்டத்தில் இலக்கு, எண்ணிக்கை முடிந்ததும் அரை மணி நேரம் இந்த வீடுகளைப் பற்றி, பெயர் சொல்லாமல், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள நேரம் கேளுங்கள். மேலதிகாரிகள் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். செவிலியரிலும் பிள்ளை பெற்றவர்கள், இதே நோயைச் சொல்லாமல் கடந்தவர்கள் இருக்கிறார்கள். 14416 உங்களுக்கும்தான்.

போன பிரசவத்துல இப்படி ஆச்சு. இப்ப மறுபடியும் மாசமா இருக்காங்க. திரும்ப வருங்களா?

வர வாய்ப்பு கூடுதல், வந்தே தீரும் என்பதில்லை. முன்பு வந்தது சன்னி வகை என்றால், அதாவது குழம்பிப் பேசிய நிலை என்றால், மூன்றில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை திரும்ப வரலாம். 12 வாரத்துக்குள் பதிவு செய்யும்போதே முந்தைய பிரசவத்தில் மனசு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். மனநல மருத்துவரைக் கர்ப்ப காலத்திலேயே ஒருமுறை பார்த்து, எந்த மருந்தைத் தொடர்வது, பிரசவம் முடிந்த உடனே எதைத் தொடங்குவது என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

பிரசவம் எங்கே, முதல் இரண்டு வாரம் ராத்திரி யார் கூடப் படுப்பது, எந்த அறிகுறி வந்தால் யாருக்குப் போன் போடுவது என்று கணவன், அம்மா, மாமியார் மூவரையும் ஒன்றாக வைத்து ஏழாம் மாதத்துக்குள் பேசி முடியுங்கள். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் புகுந்த வீட்டுப் பக்கமே நடக்கும் என்பதால், இந்தத் தடவை பார்க்க வேண்டியவர் நீங்களேதான். 3ஆம் நாள் பார்வைக்குக் காத்திருக்காமல், வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஒரு போன் போட்டு, நேற்று ராத்திரி தூங்கினாயா என்று கேளுங்கள்.